கொழும்பில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது?

பகல் 12 மணிக்கு ஒரு கடைக்குள் போய்க் கொத்து ரொட்டி கேட்டுப் பாருங்கள். "பின்னேரம் வாங்கோ" என்பார்கள். சில கடைகள் இல்லையென்று சொல்ல மனமில்லாமல் போட்டுத் தரும். ஆனால் அந்நேரம் கல் சூடேறியிருக்காது, கொத்துகிறவர் வேலைக்கே வந்திருக்க மாட்டார். சமையலறையில் நிற்கும் யாரோ ஒருவர் ரொட்டியைப் பிய்த்துத் தாச்சியில் பிரட்டித் தருவார். அதைச் சாப்பிட்டுவிட்டு "கொழும்புக் கொத்து இவ்வளவுதானா" என்று போகிறவர்கள் நிறையப் பேர். கடையில் பிழையில்லை, கேட்ட நேரம்தான் பிழை.

இந்த நகரத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது "எந்தக் கடை நல்லது?" என்றுதான். அதைவிட உதவக்கூடிய கேள்வி "எத்தனை மணிக்கு?" என்பது. காலையில் இடியாப்பம் அவிப்பவரும் மத்தியானம் கறி வைப்பவரும் இரவு கல்லில் நிற்பவரும் பல கடைகளில் வேறு வேறு ஆட்கள். ஒரே பெயர்ப்பலகையின் கீழ் ஒரு நாளைக்கு மூன்று கடைகள் நடக்கின்றன. அதற்கு மேல் வெள்ளிக்கிழமை, போயா (பௌர்ணமி விடுமுறை நாள்), நோன்பு, கந்தசஷ்டி, சித்திரைப் புத்தாண்டு என்று நாட்காட்டியும் சட்டியைத் தீர்மானிக்கிறது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் (ஐரோப்பிய வழித்தோன்றல்கள்) எல்லோரும் காலி வீதியை ஒட்டியே சாப்பிட்டாலும் அடுப்பு மூட்டும் நேரம் ஆளுக்கு ஆள் வேறு.

காலையில் தொடங்குவோம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சைவக் கடைகளுக்குக் காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் போவது நல்லது. உட்கார்ந்ததும், நீங்கள் கேளாமலே ஒரு தட்டில் உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ் என்று கொண்டுவந்து வைப்பார்கள். எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும் என்றில்லை. எழும்பும்போது எடுத்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள். எடுக்காததைத் தொட வேண்டாம், அந்தத் தட்டு அடுத்த மேசைக்குப் போகும். 10 மணிக்குப் பிறகு தட்டில் இருப்பது குளிர்ந்த வடை. அந்நேரம் போனால் தட்டை விட்டுவிட்டு, "இப்ப போட்டது இருக்கா அண்ணை?" என்று கேளுங்கள்.

இடியாப்பத்தில் வெள்ளை, சிவப்பு, குரக்கன் (கேழ்வரகு) என்று மூன்று வகை கிடைக்கும். சிவப்பரிசி மாவில் செய்ததுதான் எங்கள் தேர்வு. சொதியில் ஊறினாலும் குழையாமல் நிற்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பக்குவத்தில் கோதுமை மாவை அவித்து அரித்து இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் சேர்க்கும் வழக்கம் உண்டு. "தனி அரிசி மாவா?" என்று வாய்விட்டுக் கேட்பதைத் தவிர அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. சொதியைப் பார்த்தாலே சமையலறையின் தரம் தெரிந்துவிடும். தேங்காய்ப்பால் விட்ட பிறகு கொதிக்க விட்டால் திரிந்து, மேலே எண்ணெய்யும் கீழே தண்ணீருமாகப் பிரியும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பிறகுதான் விட வேண்டும். மஞ்சளும் வெந்தயமும் பச்சை மிளகாயும் மிதக்க, ஒரே நிறமாக இருக்கும் சொதியைக் கண்டால் அந்தக் கடையில் மத்தியானச் சோற்றையும் நம்பிச் சாப்பிடலாம்.

சைவக்காரர்கள் கொழும்பில் சறுக்குவது சம்பலில்தான். கட்ட சம்பல், சீனிச் சம்பல், தேங்காய்ச் சம்பல் மூன்றிலும் மாசி, அதாவது காயவைத்த சூரை மீன், போடுவது தென்னிலங்கையில் சாதாரணம். மாசி கருவாட்டுத் தூளாகக் கரைந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. பருப்பிலும் சில கீரைச் சுண்டலிலும்கூட இருக்கலாம். சைவக் கடை என்று பலகை போட்ட இடங்களில் கவலையில்லை. மற்ற இடங்களில் "மாசி போட்டதா?" என்று கேளுங்கள். சிங்களக் கடையென்றால் "உம்பலகட தியெனவாத?" என்று கேட்டால் போதும். "மரக்கறி மட்டும்" என்று சொன்னால் மாசியையும் விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. சம்பலில் இருக்கும் ஒரு சிட்டிகையை மீன் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கூப்பிடும் சொல்லும் தெருவுக்குத் தெரு மாறும். வெள்ளவத்தையில் பரிமாறுபவர் அண்ணை அல்லது தம்பி. கொம்பனித்தெருவிலும் மருதானையிலும் நானா. சிங்களக் கடையில் இளையவர் மல்லி, மூத்தவர் அய்யா. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், நமது ஐயா அல்ல. சரியான சொல்லில் கூப்பிட்டால் பிளேன் ரீ கொஞ்சம் சீக்கிரமாகவே வரும்.

கொம்பனித்தெருக் காலை வேறு மாதிரி. ஒல்லாந்தர் காலத்தில் யாவாவிலிருந்தும் அதன் சுற்றுத் தீவுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட மலாய்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். புட்டோடு பாபத், அதாவது மாட்டின் இரைப்பைக் கறி, அவர்களுடைய காலைச் சாப்பாடு. பாபத்தை நன்றாகச் சுரண்டிக் கழுவி மெதுவாக அவிக்க வேண்டும். அவசரத்தில் அவித்தால் ரப்பர் போல இழுக்கும். முஸ்லிம் கடைகளில் காலையில் ஆட்டுக்கால் பாயாவும் கிடைக்கும். இரவு முழுக்கத் தணலில் கிடந்த பாயா ஆறும்போது விரலில் ஒட்டும். அந்தப் பசையைப் பார்த்து வாங்குங்கள். பாயாவும் பாபத்தும் முன்பகலிலேயே முடிந்துவிடும்.

மத்தியானச் சோற்றின் நேரம் 12 முதல் 2 வரை. 12.30க்குப் போனால் எல்லாக் கறியும் இருக்கும், சட்டியும் சூடாக இருக்கும். 1 மணிக்குக் கந்தோர்க்காரர் (அலுவலகத்தார்) கூட்டம் வரும். 1.30க்குப் பிறகு நல்ல மீன் துண்டுகள் போய் வால் பக்கம் மிஞ்சும். சோறு கேட்கும்போதே சம்பாவா, நாட்டரிசியா, சிவப்பரிசியா என்று சொல்லிவிட வேண்டும். பருப்பும் மரக்கறிகளும் சம்பலும் திரும்பத் திரும்ப வரும். மீனும் இறைச்சியும் ஒரு தடவைதான், மேலதிகமாக வாங்கினால் தனிக் காசு. அப்பளமும் மோர் மிளகாயும் வைத்தார்களா என்று பாருங்கள், மறந்துபோவார்கள். பார்சல் எடுப்பவர்கள் சொதியையும் குழம்பையும் சோற்றின் மேல் ஊற்ற விடாமல் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் சோறு குழம்பைக் குடித்துக் களியாகிவிடும்.

வெள்ளவத்தையின் யாழ்ப்பாணக் கடைகள் சிலவற்றில் ஒடியற்கூழ் கிடைக்கும். இது தினமும் வைக்கும் சாப்பாடு அல்ல, முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்து நிற்கும் தண்ணீரை வார்த்துவிட வேண்டும். கைப்பு அந்தத் தண்ணீரோடுதான் போகும். பிறகு மீன், நண்டு, இறால், கணவாய், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிந்த சட்டியில் பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்ந்து, கடைசியில் மாவு கரைந்து இறங்கும். வாயில் கடைசியாக ஒரு கைப்பு நின்றால் மாவை ஊறவிடவில்லை என்று அர்த்தம். கூழைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டும். ஆறினால் பசை போல இறுகிவிடும், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடாக்கினால் அடிப்பிடிக்கும். ஆகவே கூழுக்குப் பார்சல் வேண்டாம்.

நண்டைப் பற்றி ஒரு வார்த்தை. கோட்டையில் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய பழைய ஆஸ்பத்திரி 2011இல் உணவகங்களும் கடைகளுமாகத் திறக்கப்பட்டது. மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் என்ற நண்டு உணவகம் அங்கேதான் இருக்கிறது. சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாசவோடு கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் சேர்ந்து அதே ஆண்டில் தொடங்கியது. அங்கே நண்டு எடைக்கு விலை. அரைக் கிலோவிலிருந்து தொடங்கும், பெரிய எடையென்றால் முன்பதிவோடு கேட்டு வைக்க வேண்டும். வெள்ளவத்தையில் கிடைப்பது பெரும்பாலும் கடல் நண்டு. ஓடு மெல்லியது, சதை குறைவு, ஆனால் வறுத்த யாழ்ப்பாணத் தூளும் முருங்கையிலையும் ஊறும் குழம்பு அதில்தான் சரியாக வரும். பெரிய சேற்று நண்டின் தடித்த ஓட்டுக்குள் குழம்பு இறங்குவதில்லை. வெண்ணெயும் உள்ளியும் மிளகும் அதற்குப் பொருத்தம். இரண்டையும் ஒப்பிட்டு எது நல்லது என்று கேட்பதில் பயனில்லை, விலையும் ஒப்பிடக்கூடியதல்ல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தனிக் கணக்கு. ஜும்மா நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல சாத்தியிருக்கும். தொழுகை முடிந்து திறக்கும்போது புரியாணிச் சட்டியின் மூடியும் அப்போதுதான் திறக்கும். அந்த முதல் அரை மணி நேரம்தான் புரியாணிக்கு வாய்த்த நேரம். கூட வரும் மலாய் அச்சாற்றை ஒதுக்காதீர்கள். வினாகிரியில் ஊறிய சின்ன வெங்காயமும் பேரீச்சம்பழமும் பச்சை மிளகாயும் கடுகு அரைப்பும் நெய்யின் கனத்தை அறுக்கும். முடிவில் வட்டிலப்பம். கித்துள் கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால், ஏலம் சேர்த்து ஆவியில் அவித்தது. வெட்டிய முகத்தில் சிறு சிறு துளைகள் தெரிய வேண்டும், துளைகளுக்குள் பாணி நிற்க வேண்டும். கிறீம் கரமல் போல வழுவழுவென்று இருந்தால் சீனி கலந்திருக்க வாய்ப்புண்டு. அதே வெள்ளிக்கிழமை வெள்ளவத்தையில் மச்சம் (மீன், இறைச்சி) வாங்குவோர் குறைவு, அதனால் சமைப்பதும் குறைவு. ஆட்டிறைச்சிக்கென்று வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள்.

பறங்கியரின் லம்ப்ரைஸ் பற்றி எங்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. இறைச்சி அவித்த சாற்றில் வேகவைத்த சம்பாச் சோறு, பல இறைச்சி கலந்த கறி, கத்தரிக்காய்ப் பாகி, வாழைக்காய்க் கறி, சீனிச் சம்பல், காய்ந்த இறாலில் செய்த பிளாச்சான், இறைச்சி உருண்டையான ஃபிரிக்கடெல். இவை தனித்தனியாகச் சமைத்து, வாட்டிய வாழையிலையில் சுற்றி, மறுபடியும் ஓவனில் வைத்து எடுக்கப்படுபவை. அந்த இரண்டாவது சூட்டில்தான் வாழையிலையின் மணம் சோற்றுக்குள் இறங்குகிறது. இன்று பல இடங்களில் கோழிக்கறியும் அவித்த முட்டையும் வைத்து இலையில் மடித்துக் கொடுத்துவிட்டு அதையே லம்ப்ரைஸ் என்கிறார்கள். அது வாழையிலைப் பார்சல், அவ்வளவுதான். துன்முல்லைக்கு அருகேயுள்ள டச்சு பேர்கர் யூனியன் 1908இல் தொடங்கிய சங்கம். அங்கேயுள்ள கஃபேயில் பழைய முறைக்கு நெருக்கமானது கிடைக்கும். பன்றி அல்லது மாடு கலந்திருக்கலாம், எனவே என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். பிளாச்சான் இருப்பதால் இறைச்சி இல்லாத லம்ப்ரைஸும் சைவமாகாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் இலையைப் பிரிக்காமல் 180 பாகையில் 15, 20 நிமிடம் ஓவனில் வையுங்கள். பிரித்துவிட்டு மைக்ரோவேவில் வைத்தால் ஓரச் சோறு கல்லாகிவிடும்.

பின்னேரம் 3.30க்கு நகரம் தேத்தண்ணிக்குத் திரும்பும். பேக்கரிகளில் ரோல்ஸ், பற்றிஸ், கட்லட், மீன் பணிஸ் எல்லாம் அந்நேரம்தான் புதிதாக வரும். பெரேரா அன்ட் சன்ஸ் 1902இலிருந்து இருக்கிறது, அதன் கிளைகள் நகரமெங்கும் உண்டு. ஆனால் ரோல்ஸை எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட வேண்டுமென்றால் சிறிய கடைதான் சரி. கோப்பிக்கடைகளுக்கும் இதுவே நேரம். அல்பிரட் ஹவுஸ் வீதியிலுள்ள கலரி கஃபே முன்பு கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகமாக இருந்த இடம். காலி வீதியில் பெயார்ஃபூட் கடையின் பின்முற்றத்துக் கஃபேயும் நிழலானது. இந்த மாதிரி இடங்களில் மெனு விலையை முடிவான விலையென்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத வற் வரியும் சேரும். 2,000 ரூபாய் என்று எழுதியிருந்தால் 2,200 ஆகி, 2,596 ஆக மேசைக்கு வரும். மெனு அட்டையின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்.

5.30க்குக் காலிமுகத்திடல். இறால் வடை வண்டிகளில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருப்பது ஏற்கெனவே பொரித்தது. சூடாக்க ஒரு முறை எண்ணெயில் முக்கித் தருவார்கள். பருப்பு ஒழுங்காகக் காய்ந்த எண்ணெயில் முதல் தடவை பொரிந்திருந்தால் இரண்டாவது தடவை மொறுமொறுப்பாகும். முதலிலேயே எண்ணெய் குடித்திருந்தால் இரண்டாவது தடவை இன்னும் குடிக்கும். வடையைக் கடதாசியில் வைத்து, எவ்வளவு எண்ணெய் இறங்குகிறது என்று பாருங்கள். இறாலின் ஓடு கறுத்திருந்தால் அடுத்த வண்டி.

ஆப்பம் மாலை 6 மணிக்குப் பிறகு. இதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். பச்சையரிசி மாவைக் கள்ளோ ஈஸ்ட்டோ விட்டுப் புளிக்கவைத்து, தேங்காய்ப்பாலில் இளக்கி வைத்திருப்பார்கள். சிறிய குழித்தாச்சி நன்றாகக் காய்ந்ததும் ஒரு கரண்டி மா. இரண்டு காதையும் பிடித்து ஒரே சுழற்று. மா ஓரமெல்லாம் ஏறி மெல்லிய வலையாக ஒட்டிக்கொள்ள, மிச்சம் நடுவில் வந்து தங்கும். மூடி போட்டு இரண்டு, மூன்று நிமிடம். நடு பஞ்சாக, ஓரம் அப்பளமாக வந்தால் சரி. நாளின் முதல் இரண்டு மூன்று ஆப்பம் தாச்சியில் ஒட்டும், தாச்சி இன்னும் பழகியிருக்காது. அதனால் கடை திறந்ததும் முதல் ஆளாக நிற்க வேண்டாம். முட்டை ஆப்பம் வேண்டுமென்றால் மஞ்சள் கரு இளகலாகவா, இறுகவா என்று மா ஊற்றும் முன்பே சொல்லுங்கள். பார்சல் கட்டினால் சொந்த ஆவியிலேயே ஐந்து நிமிடத்தில் ஓரம் தொய்ந்துவிடும். நின்றபடியே ஒவ்வொன்றாக வாங்கிச் சாப்பிட வேண்டிய சாமான் இது. நான்கைந்தை ஒன்றாகக் கேட்பதால் ஒரு பயனும் இல்லை.

இரவு 8 மணிக்குக் கல்லின் சத்தம் தெருவுக்கு வரும். கொத்துக்கு வீச்சு ரொட்டி கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும். சுடச்சுட வெட்டினால் தகட்டில் பசையாகும். முதலில் வெங்காயம், பச்சை மிளகாய், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), கரட். அவை வாடியதும் ஒதுக்கி, முட்டையை உடைத்துக் கிளறி, பிறகு ரொட்டி, இறைச்சி, கடைசியில் குழம்பு. இரண்டு தகடும் இறங்குவது நறுக்க மட்டுமல்ல. குழம்பை ரொட்டிக்குள் அடித்து ஏற்றுவதும் அந்தத் தகடுகள்தான். ஆறேழு ஓடரை ஒன்றாகப் போட்டால் கல் குளிர்ந்துபோய், வதங்க வேண்டியது அவியத் தொடங்கும். கூட்டம் உச்சத்தில் இருக்கும் கடையில் கொத்து சில நேரம் நனைந்து வருவது இதனால்தான். குழம்பைக் குறைத்துப் போடச் சொல்லி, மிச்சத்தைக் கிண்ணத்தில் வாங்குங்கள். உறைப்பு குறைய வேண்டுமென்றால் கல்லில் போடும் முன் சொல்ல வேண்டும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஃபுல் கொத்து இரண்டு பேருக்குத் தாராளம். கொள்ளுப்பிட்டி பிலாவூஸ் சீஸ் கொத்துக்குப் பெயர்போனது. சீஸும் பாலும் உருகிச் சேர்வதால் அது கொத்தைவிடக் குழையலுக்குக் கிட்டவாக இருக்கும், ஆறுவதற்குள் முடித்துவிடுங்கள். புதுக்கடையில் அப்துல் ஹமீத் வீதி இரவில்தான் முழுதாக விழிக்கும். சுட்ட கோழி, மாட்டிறைச்சி, பலூடா என்று ஒவ்வொரு வண்டியிலும் ஒவ்வொன்றாக வாங்கி நடப்பதுதான் அங்கே முறை.

குடிக்கிறவர்களுக்கு. சாராயப் போத்தலின் லேபிளைப் படியுங்கள். முழுதும் தென்னஞ்சாராயம் என்று எழுதியிருந்தால் தென்னங்கள்ளிலிருந்து வடித்தது. மலிவானவற்றில் வேறு மதுசாரம் கலந்திருக்கும். 50 மில்லிக்கு இரண்டு மடங்கு இஞ்சிச் சோடாவும் அரைத் தேசிக்காயும் கணக்கு. 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டலில் கடலைப் பார்த்தபடி குடிக்க, சூரியன் விழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் இடம் பிடிக்க வேண்டும். கூடக் கேட்பது பெரும்பாலும் ஹொட் பட்டர் கணவாய். இலங்கைச் சீனச் சமையலின் பிள்ளை அது. பொரித்த மேற்தோல் பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், ஆகவே இரண்டு தட்டை ஒன்றாகச் சொல்ல வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க மாட்டார்கள். பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே அந்த நீக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஹோட்டல்களில் யாரும் இதைக் கேட்பதில்லை. தெருவோரப் பார்களில் முழுக்க ஆண்கள் கூட்டம், பெண்கள் வசதியாக உட்கார முடியாத இடங்கள் அவை. அது மாற வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

போயா நாளில் மதுபானம் கிடையாது, இறைச்சிக் கடைகளும் பூட்டு. முதல் நாள் வாங்கியதைத்தான் உணவகங்கள் சமைக்கும், கோழியைத் தவிர வேறொன்றும் இல்லாமலும் போகலாம். ஒக்டோபர் 3, மதுவொழிப்பு நாளிலும் பார்கள் சாத்தியிருக்கும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் பகலில் உறங்கி, நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கஞ்சியும் சமோசாவுமாக எழும்பும். அந்த மாதம் மருதானைக்குப் பின்னேரம் 5 மணிக்குப் போங்கள். ஏப்ரல் 13, 14ஐச் சுற்றி வேலைக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவதால் ஒரு கிழமைக்குப் பல கடைகள் திறக்காது. அந்த நாட்களில் திறந்திருக்கும் என்று நம்பக்கூடியவை ஹோட்டல்களும் முஸ்லிம் கடைகளும்.

கடைசியாக, கலந்து போகும் கூட்டம். ஒரு மேசையில் சைவக்காரர் ஒருவர், ஹலால் பார்ப்பவர் ஒருவர், மாடு தொடாத பௌத்தர் ஒருவர், எதையும் சாப்பிடும் கத்தோலிக்கர் ஒருவர். இது கொழும்பில் எந்தக் கந்தோரிலும் நடக்கும் விஷயம். முஸ்லிம் கடையில் மரக்கறிக் கொத்து கிடைக்கும், ஆனால் மாட்டிறைச்சி கொத்திய அதே கல், அதே தகடு. கல்லைத் துடைக்கச் சொன்னால் துடைப்பார்கள், தகட்டின் இடுக்கு துடைபடாது. சீன உணவகத்தில் பன்றி இருக்கும், பாருக்கு ஹலால்காரர் வரமாட்டார். நான்கு பேரும் ஒன்றையும் கேளாமல் கைவைக்கக்கூடிய ஒரே இடம் சைவக் கடை. நெய்த் தோசை, இடியாப்பம், உளுந்து வடை, நெய் விட்ட புட்டு என்று கேளுங்கள். சைவக் கடைகள் சில இரவு 9 மணியளவில் மேசைகளைத் துடைக்கத் தொடங்கிவிடும், தோசை மாவும் அதற்கு முன்பே முடியும். நான்கு பேரையும் 7.30க்கு வரச் சொல்லுங்கள்.